அடுத்த மாதமும் போக முடிந்த மருத்துவர்

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

பதில் சொல்பவர்: மனநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர், சேலம்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். என் கணவருக்கு 38 வயது. காப்பித் தோட்டத்தில் வேலை. பொங்கலுக்குப் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி முழுவதும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தன்னைப் பற்றி ஆட்கள் பேசுவது காதில் கேட்கிறது என்கிறார். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. மேஸ்திரி ஆள் வைத்துப் பின்தொடர்கிறார் என்று வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஒரு வாரமாக நான் சமைத்ததைத் தொடவே பயப்படுகிறார். மாமியார் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். கொழுந்தனார், இங்கே நல்ல டாக்டர் கிடையாது, பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்கிறார். பக்கத்தில் மனநல மருத்துவர் எங்கே இருக்கிறார்? அவர் என்ன செய்வார்? ஷாக் கொடுப்பார்களா? கட்டிப்போடுவார்களா?
— பெயர் வேண்டாம், நாகலூர்

பதில்: மகளே, மருத்துவர் முதலில் கேட்கப்போவது எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, காதில் என்ன கேட்கிறது, யார் மேல் சந்தேகம், சாப்பாடு என்னவாயிற்று. இதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் படபடப்பில் பாதி மறந்துவிடும்.

நோய்க்குப் பெயர் வைப்பது பரிசோதிக்கும் மருத்துவரின் வேலை. கடிதத்தைப் படித்துவிட்டு நான் அதைச் செய்யக்கூடாது. ஆனால் குரல் கேட்பதும், சந்தேகமும், தூக்கமின்மையும் சேர்ந்து வரும்போது அது சிகிச்சைக்கு உட்பட்ட நோய் என்பதையும், எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுவார்கள் என்பதையும் உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளியாகப் பார்க்கலாம், தேவைப்பட்டால் உள்நோயாளியாகச் சேர்க்கலாம், மாத்திரை இலவசம். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். அதனால் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குங்கள். அதற்கு முன்பு ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு நீங்கள் மட்டும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கிருக்கும் மருத்துவரிடம் எனக்கு எழுதியதைச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி மனநல மருத்துவரும் குழுவும் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை வருகிறார்கள் என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். மலை இறங்காமலே பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இது எதுவும் உடனே நடக்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை. மனைவி பேசினாலும் வழி சொல்வார்கள்.

தனியார் மருத்துவரிடம் போவதானால் பெயர்ப் பலகையைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் எம்.டி. மனநல மருத்துவம், அல்லது டி.பி.எம்., அல்லது டி.என்.பி. மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். "ஒரே நாளில் குணம்", "மாத்திரை இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் இடங்களின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். அப்படிப்பட்ட இடங்களில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் எங்களிடம் வந்து அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெங்களூர் பற்றி உங்கள் கொழுந்தனார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவத்துக்கான மிகப் பெரிய நிறுவனம். நோய் என்னவென்று பிடிபடாதபோதும், இங்கே கொடுத்த இரண்டு மூன்று மருந்துகளுக்கும் கட்டுப்படாதபோதும் அங்கே அனுப்பத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கணவருக்கு வேண்டியது ஒரு நாள் வைத்தியம் இல்லை. முதல் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பிறகு மாதா மாதம், ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். நாகலூரிலிருந்து சேலம் இறங்கி, அங்கிருந்து 200 கிலோமீட்டர் போய், ஒரு ராத்திரி தங்கித் திரும்பினால் இரண்டு பேருக்கும் இரண்டு நாள் கூலி போய்விடும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அந்தக் கூலியை யார் விடுவார்கள்? ஒரு தடவை போவார்கள், ஒரு மாத மாத்திரையோடு வருவார்கள், அது தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். மறுபடி குரல் கேட்கத் தொடங்கும். பெங்களூர் மருந்துக்கே கேட்கவில்லை என்று ஊர் பேசும். எங்கள் பிரிவில் இந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. மனநல மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு பெயர் பெற்றவர் என்று கேட்பதைவிட, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இவரிடம் நம்மால் வர முடியுமா என்று கேளுங்கள். பஸ் கட்டணமும் கூலியும் உங்கள் கணவரின் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். சேலத்து மருத்துவருக்கு ஐயம் வந்தால் அவரே கடிதம் எழுதிப் பெங்களூருக்கு அனுப்புவார். அந்தக் கடிதத்தோடு போவதற்கும் சும்மா போவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இனி, மருத்துவர் என்ன செய்வார் என்பது. பேசுவார். முதல் நாளில் பெரும்பகுதி அதுதான். உங்களிடம் தனியாக, உங்கள் கணவரிடம் தனியாக, பிறகு இருவரையும் சேர்த்து வைத்து. காய்ச்சல் வந்ததா, தலையில் அடிபட்டதா, வலிப்பு உண்டா, குடி எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், கஞ்சா உண்டா, உறவில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். குடியை மட்டும் மறைக்காதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும். அதற்கு வைத்தியமே வேறு, அவசரமும் வேறு. இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்பது போன்ற கேள்விகளையும் கேட்பார். சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று உங்கள் கணவர் கோபப்படலாம். கவனமும் நினைவும் எப்படி இருக்கின்றன என்பதை அதில்தான் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம், எடை பார்ப்பார்கள். சர்க்கரை, தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகள் எழுதலாம். மனநோய்க்கு எதற்கு ரத்தம் என்று கேட்காதீர்கள். தைராய்டு கோளாறும் சில சத்துக் குறைவுகளும் மூளைக் காய்ச்சலும்கூட மனநோய் போலத் தோன்றும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவம் படித்த ஒருவர் வேண்டும்.

பிறகு மாத்திரை. தூக்கமும் பதற்றமும் சில நாட்களில் சீராகத் தொடங்கும். குரலும் சந்தேகமும் அடங்க வாரக் கணக்கில் ஆகும். பத்து நாளில் பலன் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கை நடுங்கலாம், உடம்பு விறைக்கலாம், உட்கார முடியாமல் கால் பரபரக்கலாம், எடை கூடலாம். இவை வந்தால் மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்தும் உண்டு, நடுக்கத்தைத் தணிக்கத் துணை மருந்தும் உண்டு. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலோ, கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்தாலோ மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஷாக் பற்றிப் பயப்பட வேண்டாம். முதல் நாள் போனவருக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கல் போல் உறைந்துபோனவர்களுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கும் உயிர் காக்கும் சிகிச்சையாக அது பயன்படுகிறது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்ய வேண்டும். இரண்டும் இல்லாமல் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வார்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் கணவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்து, அவர் சம்மதிக்கும் நிலையில் இல்லை என்றாலும்கூட, இருவர் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாளுக்கு மேல் தானாக நீளாது. வார்டில் நீங்களும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள்.

குணசீலத்துக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாமியாரின் மனம் அதில் ஆறுதல் அடைகிறது. மகனுக்காக அவர் வேண்டிக்கொள்வதைத் தடுக்க நான் யார்? முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு கோயிலுக்குப் போங்கள். போகும்போது மாத்திரைப் பையும் கூடவே போகட்டும், ஒரு வேளையும் தவறாமல்.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்கு மிகக் கடினமான பகுதி. அவரை எப்படி மலை இறக்கிக் கூட்டி வருவது? சந்தைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். ஊரே சேர்ந்து சதி செய்கிறது என்று நம்புகிறவர் அவர். நீங்களும் ஏமாற்றியது தெரிந்தால் பிறகு நம்ப ஆளே இல்லாமல் போவார். அதே காரணத்துக்காக, சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுகிறார். ஒரு நாள் கண்டுபிடித்தால் அவருடைய பயம் உண்மையாகிவிடும். "யாரும் பேசவில்லை, உனக்குப் பைத்தியம்" என்று வாதாடவும் வேண்டாம். "ஆமாம், மேஸ்திரி மோசம்தான்" என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "உங்களுக்குக் கேட்கிறது என்பது தெரிகிறது, எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் இத்தனை நாளாகத் தூங்கவில்லை, எனக்குத் தாங்கவில்லை. தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. தூக்கமில்லாத அவதி அவருக்கே தெரியும், அதற்காக வருவார். அவர் மதிக்கும் ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அது நண்பராக இருந்தாலும் சரி, சின்ன வயதில் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாராக இருந்தாலும் சரி. சாப்பாட்டை ஒரே பாத்திரத்திலிருந்து இருவரும் எடுத்துச் சாப்பிடுங்கள், அல்லது அவரே வாழைப்பழம் உரித்துச் சாப்பிடட்டும்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கவாத்துக் கத்தியையும் கொடுத்துவிடுங்கள். சாகச் சொல்லிக் குரல் வருகிறது என்று அவர் சொன்னாலோ, தண்ணீரும் குடிக்காமல் இருந்தாலோ, யாரையாவது அடிக்கப் பாய்ந்தாலோ, கிழமை பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: நான் சேலத்தில் பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நெரிசலான டவுன் பஸ்ஸில் ஏறினால் திடீரென்று நெஞ்சு அடிக்கிறது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். நண்பன் சைக்காலஜிஸ்டைப் பார் என்கிறான். அக்கா சைக்யாட்ரிஸ்ட் என்கிறாள். யாரிடம் போவது? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?
— மாணவர், சேலம்

பதில்: தம்பி, உன் இதயத்தில் ஒன்றுமில்லை, அது நல்ல செய்தி. உனக்கே ஒன்றுமில்லை என்று சொன்னது சரியில்லை. இப்படித் திடீரென்று பொங்கி எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், தானாக அடங்கும் பீதி ஒரு நோய்நிலை. அதற்குத் தெளிவான சிகிச்சை இருக்கிறது.

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்து, மேலும் சில ஆண்டுகள் மனநோய்களைப் படித்தவர். மருந்து எழுதுவார், உடல் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார், தேவையானால் மருத்துவமனையில் சேர்ப்பார். மருத்துவ உளவியலாளர் மனத்தைப் பற்றிப் படித்தவர். எம்.ஃபில். போன்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருப்பார். பேச்சு, பயிற்சி, சோதனைகள் வழியாகச் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவர் எந்தப் படிப்பும் படித்திருக்கலாம். என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. உன் தொல்லைக்கு இரண்டு கதவுகளில் எதைத் தட்டினாலும் உள்ளே போகலாம். நல்லவராக இருந்தால், தேவை ஏற்படும்போது மற்றவரிடம் அவரே அனுப்புவார். நான் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன், தைராய்டு போன்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவார் என்பதால். பிறகு உளவியலாளரிடம், பயந்த பஸ்ஸில் படிப்படியாக மறுபடியும் ஏறும் பயிற்சி. உனக்கு அதுதான் முக்கியம். இப்போதே பஸ்ஸைத் தவிர்த்து ஆட்டோவில் போகத் தொடங்கியிருப்பாய். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும்.

மாத்திரை எழுதினால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும். அதைத் தாண்டிவிடு. உடனடி அமைதி தரும் வேறு வகை மாத்திரையைச் சில நாட்களுக்கு மட்டும் தரலாம். பழகிப்போகும் ஆபத்து அந்த வகைக்குத்தான் உண்டு; பழைய சீட்டை நீட்டி மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்காதே. காப்பியைக் குறைத்துக்கொள், ராத்திரி கண் விழிப்பதையும் குறை.

வீட்டுக்குத் தெரியுமா என்றால், உனக்கு 18 வயது ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நீ சொல்வதை ரகசியமாக வைக்க மருத்துவர் சட்டப்படி கடமைப்பட்டவர். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அக்காவுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, முதல் நாள் அவளையே துணைக்குக் கூப்பிடு.

மருத்துவர் தலை நிமிராமல் சீட்டு எழுதி அனுப்பிவிட்டால் மனம் விட்டுப்போகாதே. வேறு மருத்துவரைப் பார். கூட்டம் அதிகமான நாளில் நல்லவர்கூட ஐந்து நிமிடம்தான் தர முடியும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்திலும் உன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மனைவிக்கு மனச்சோர்வு வந்து ஆறு மாதமாக மாத்திரை. இப்போது மூன்று மாதமாக நன்றாக இருக்கிறாள். இரண்டாவது குழந்தை வேண்டும் என்கிறாள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: தம்பி, நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, முழுவதும் தேறிய பிறகும் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். சிலருக்கு இன்னும் அதிகம். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும்; நோயே திரும்பவும் வரலாம்.

குழந்தைக்கு முயலும் முன்பே இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுற்ற பிறகு பதறி ஓடுவதைவிட அது நல்லது. சில மாத்திரைகளைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். வால்புரோயேட் போன்ற சிலவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பிறகு அவர் அழுதுகொண்டே இருந்தாரா, தூங்கவில்லையா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் இந்த மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று ஆண்டுகளாக மனநோய்க்கு மாத்திரை. வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான். பெண் பார்த்திருக்கிறோம். பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்?
— ஒரு தாய், அயோத்தியாப்பட்டணம்

பதில்: அம்மா, சொல்லுங்கள். பெண்ணிடமே நேராக, உங்கள் மகன் வாயால். அந்தப் பெண்ணுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

உங்கள் மகனின் பக்கமிருந்தும் சொல்கிறேன். மறைத்துச் செய்த திருமணங்களில் என்ன நடக்கிறது என்பதை வார்டில் இருந்து பார்த்திருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்பு நான்கு ராத்திரி தூக்கம் இருக்காது. புது மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று மாத்திரை அட்டையை அம்மா வீட்டிலேயே விட்டுவிடுவான். ஒரு மாதத்துக்குள் நோய் திரும்பும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல் அவளும் நொறுங்குவாள், உங்களையும் மன்னிக்க மாட்டாள். தெரிந்து வருகிற பெண் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். அவள் சம்மதித்தால், கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்து, அவள் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். கல்யாண நாட்களில் மாத்திரை நேரத்தையும் தூக்கத்தையும் எப்படிக் காப்பது என்பதையும் அதே நாளில் பேசிவிடுங்கள்.